பதினேழு இடத்தில் ஒரே வரி

எங்கள் குப்பத்து அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஊர் மலர் போடுவது என்று பஞ்சாயத்தில் முடிவானபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வம்சத்துக்கும் தனிப் பக்கம். இந்தக் கரைக்கு முதலில் வந்தவர் யார், அவருடைய பிள்ளைகள் யார், பேரன்கள் யார் என்று எல்லாம் அச்சில் வரும். கும்பாபிஷேகத்தன்று கோயில் வாசலில் ஒவ்வொரு பக்கமாக மைக்கில் வாசித்து, அந்த வம்சத்து ஆட்களைக் கூப்பிட்டு மாலை போடுவார்கள். நல்ல காரியம்தானே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

யார் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல. பெயரைப் போட்டால் நாளைக்கே பத்துப் பேர் மார்க்கெட்டில் என் கூடையைச் சுற்றி நின்று நியாயம் பேசுவார்கள், எனக்கு வியாபாரம் கெடும். அவ்வளவுதான்.

பஞ்சாயத்துக்கு எழுத்து வேலை பார்ப்பவர் எனக்கு மாமா முறை. அவர்தான் வீடு வீடாகக் கேட்டு, எல்லா வம்சத்தையும் ஒரே ஃபைலாக டைப் அடித்து, தலைக்கட்டுகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தலைக்கட்டு என்றால் எங்கள் ஊரில் கல்யாணமான ஆண். அவனுக்குத்தான் ஊர்க் கூட்டத்தில் உட்கார இடம், பேச வாய். என் வீட்டுக்காரர் தலைக்கட்டு என்பதால் அவர் போனுக்கு ஃபைல் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் அவருடைய வம்சத்துப் பக்கத்தைப் பார்த்தேன். அவர் பெயர் இருந்தது, பக்கத்தில் 'மனைவி' என்று இருந்தது. அந்த மனைவிக்குப் பெயர் இல்லை. சரி, போகட்டும் என்று என் அப்பாவின் பக்கத்துக்குப் போனேன்.

அப்பா பெயர் இருந்தது. அதற்கு அடுத்து இரண்டே வரி. 'கடலில் மறைந்தார். வாரிசு இல்லை.'

அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பாதபோது எனக்கு ஐந்து வயது, தங்கைக்கு இரண்டு. அம்மாவுக்கு இருபத்து மூன்று. அன்றிலிருந்து அம்மா விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் என்று தெருத் தெருவாக நடந்து விற்றாள். எங்கள் இரண்டு பேரையும் வளர்த்து, கட்டிக்கொடுத்து, புயலில் இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டி, கால் ஓயும்வரை நடந்தாள். இப்போதும் அதே வீட்டில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டில்தான் வாரிசு இல்லையாம்.

மீன் அரிந்துகொண்டிருந்த கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அவர் தட்டில் இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமா, எங்கப்பாவுக்கு வாரிசு இல்லன்னு போட்டுக்கீறே? நான் உன் கண்ணுக்குத் தெர்லியா?"

"மொதல்ல அந்தக் கத்திய அப்பால வை. பொம்பளப் புள்ளைங்கள எப்டிம்மா வாரிசுல போடறது? அதுங்க கட்டிக்கினு போற வூட்டுப் பக்கத்துல வரும்."

"எங்கம்மா எந்தப் பக்கத்துல வரும்? அது எங்கியும் கட்டிக்கினு போவலியே."

"ஒங்கப்பன் போனதோட அந்தத் தலைக்கட்டு முடிஞ்சிச்சி. எழுத்துக்குன்னு ஒரு மொறை கீது இல்ல?"

"முடிஞ்சிச்சா? அப்ப நான் இன்னா, முடிஞ்ச எடத்துல மொளச்ச பூண்டா?"

அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே சிரித்தார். "தோ பாரு, நான் பிரஸ்ஸுக்குக் குடுக்கணும். திருத்தம் இருந்தா அந்த ஃபைல்லயே டைப் பண்ணி அனுப்பு. பேனால கிறுக்கிக்கினு வந்து நீட்னா வாங்கமாட்டேன்."

எட்டாவது வரை படித்த மீன்காரி, இவள் எங்கே டைப் அடிக்கப்போகிறாள் என்ற நினைப்பு. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். முடியாது என்று வாயைத் திறந்து சொல்லாமலே என்னை அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், அவள் கேட்டது வேறு.

"புக்குல எழுதறாங்களா?"

"ஆமா. உன் பேரை நான் போட வெக்கிறேன் பாரு."

"மைக்ல வருமா?"

"புக்குல இருந்தா மைக்ல படிப்பாங்க."

"நம்ப கோயில் மைக்ல என் பேரு ஒரு தபாகூட வந்ததில்ல" என்றாள். பிறகு வெற்றிலைப் பெட்டியை எடுக்கச் சொன்னாள். எழுபது வயதைத் தாண்டியவள், படிக்கத் தெரியாதவள். அவளுக்குப் புத்தகமும் ஒன்றுதான், சாமான் கட்டி வருகிற காகிதமும் ஒன்றுதான். மைக் வேறு. மைக்கில் வந்தால் ஊரே கேட்கும், அவளும் கேட்பாள். வரும் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

முதலில் போனிலேயே திருத்திவிடலாம் என்று பார்த்தேன். என் விரலை அந்தப் போன் மதிக்கவே இல்லை. முப்பது வருடம் ஐஸிலும் செதிலிலும் கிடந்து மரத்துப்போன விரல், நான் அழுத்தினால் அதற்குத் தெரியவில்லை. ஓங்கிக் குத்தினேன். வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிக்கொண்டார். அப்போதுதான் மார்க்கெட்டுக்கு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடை ஞாபகம் வந்தது.

அந்தக் கடைக்காரம்மாவுக்கு என் வயதுதான், வாயும் என் வாய்தான். ரேஷன் கார்டு மனு, பென்ஷன் மனு என்று நாள் முழுக்க ஊரார் குறையை டைப் அடிக்கிறவர். என்னிடம் பத்து வருடமாக மீன் வாங்குகிறார். விஷயத்தைச் சொன்னேன். "நானே அடிச்சிக் குடுத்துர்றேன்க்கா, அஞ்சு நிமிசம்" என்றார்.

"வேணாம். நான்தான் அடிக்கணும். அந்த ஆளு சிரிச்சான்."

"அப்பச் சரி. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வா, கடை சும்மாதான் கீது. கைய சோப்புப் போட்டு ரெண்டு தபா கழுவிக்கினு வா. என் மவுஸுல கவுச்சி அடிச்சா கஸ்டமர் ஓடிப்பூடுவான்."

சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டுக்கொண்டு போனேன். அப்படியும் அவர் மூக்கைச் சுளித்தார்.

அடுத்த மூன்று வாரமும் நான் பட்ட ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. தமிழ் எழுத்து வர இங்கிலீஷ் எழுத்தை அழுத்த வேண்டுமாம். என் அம்மா பெயரை என் பாஷையில் எழுத நான் எதற்கடா வெள்ளைக்காரன் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று கத்தினேன். "கத்தாத, அழுத்து" என்றார் கடைக்காரம்மா. மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி நான் நினைத்த இடம் தவிர எல்லா இடத்துக்கும் போனது. ஒரு எழுத்தை அழிக்க ஒரு தடவை தட்ட வேண்டும், நான் கையை எடுக்காமல் அழுத்தி அரைப் பக்கத்தைத் தின்றுவிட்டேன். ஒரு நாள் இரண்டு மணி நேரம் பழகி நாலு வரி அடித்தேன். கரண்ட் போனது. வந்து பார்த்தால் நாலு வரியும் இல்லை.

"சேவ் பண்ணியா?" என்றார்.

"அப்டின்னா?"

"போச்சு போ" என்று தலையில் அடித்துக்கொண்டார். நானும் அடித்துக்கொண்டேன். வெளியே கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. அத்தனை டிரைவரையும் இறக்கி அறைய வேண்டும் போல இருந்தது.

ஆனால் கை மெல்லப் பழகியது. மீனில் முள் எங்கே என்று பார்க்காமலே கத்தி போகிறதே, அப்படி எழுத்து எங்கே இருக்கிறது என்று விரல் தெரிந்துகொண்டது. மவுஸால் இழுத்து வரியைக் கறுப்பாக்கி அழிக்கத் தெரிந்தது. வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டத் தெரிந்தது. தப்பாகப் போனால் ஒரே தட்டில் பழையபடி ஆக்கலாம் என்று தெரிந்தபோது, இது வாழ்க்கையில் எங்கேயும் இல்லாத வசதியாக இருக்கிறதே என்று கோபம் வந்தது.

மாமாவின் ஃபைல் நூறு பக்கத்துக்கு மேல். ஒவ்வொரு தடவையும் என் அப்பாவின் பக்கத்தைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. கடைக்காரம்மா ஒரு வழி காட்டினார். ஒரு பெட்டி வரும். மேல் கட்டத்தில் பழைய சொல்லைப் போடு, கீழ்க் கட்டத்தில் புதுச் சொல்லைப் போடு, கம்ப்யூட்டரே தேடி மாற்றிவிடும். மேலே 'வாரிசு இல்லை' என்று அடித்தேன். கீழே 'மனைவி' என்று அடித்து, என் அம்மாவின் பெயரை முழுசாக அடித்து, 'மகள்கள் இருவர்' என்று அடித்து, என் பெயரையும் தங்கை பெயரையும் போட்டேன். வியர்த்துவிட்டது. கீழே நாலைந்து பொத்தான் இருந்தன. இருப்பதில் பெரியதாகத் தெரிந்ததை அழுத்தினேன். ஏதோ இங்கிலீஷில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

"இன்னா சொல்லுது?" என்று கேட்டேன்.

கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார். "பதினேழு எடத்துல மாத்திட்டேங்குது."

"ஒரு எடம்தானே?"

"பதினேழுக்கா. எல்லாத்தையும் மாத்துன்னு நீ அமுக்கிட்ட." திரையை உருட்டிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். "எக்கா, உங்கம்மா பதினேழு பேருக்குப் பொண்டாட்டி ஆயிடுச்சு!"

நானும் சிரித்துவிட்டேன். அம்மா கேட்டால் துடைப்பத்தை எடுப்பாள். சிரித்துக்கொண்டே கண்ணில் பட்ட இடத்தைப் பார்த்தேன், யார் வீட்டு ஆள் என் அம்மாவுக்கு மாப்பிள்ளை ஆனான் என்று. அது மார்க்கெட்டில் எனக்கு வலது பக்கம் உட்கார்ந்து இறால் விற்கிறவளின் புருஷன். லாஞ்சுப் படகில் போனவன், வரவில்லை. அவளுக்கு மூன்று பெண்கள். அடுத்த இடம், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவளின் அப்பா. அடுத்தது, போன மழைக்கு முன் மழையில் செத்த கிழவியின் புருஷன். அவளுடைய ஒரே பெண் கொடுங்கையூரில் இருக்கிறாள். என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பதினேழு பேரும் கடலில் போனவர்கள், பதினேழு வீட்டிலும் பெண்ணாகப் பிறந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். மாமா ஒரு தடவை அடித்து, மற்ற பதினாறு இடத்திலும் அதையே ஒட்டியிருக்கிறார்.

கடைக்காரம்மாவும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "பழசாக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

"ஆக்கு" என்றேன். ஒரே தட்டில் பதினேழு இடத்திலும் மறுபடி 'வாரிசு இல்லை' வந்து உட்கார்ந்தது. "சோமாரி" என்று சத்தமாகத் திட்டினேன். "ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு மூஞ்சியாவது ஞாவகம் வந்துச்சா அவனுக்கு? தெனம் இவளுங்க கையிலதானே மீன் வாங்கித் துன்றான்!"

மறுநாளிலிருந்து மார்க்கெட்டில் பெயர் கேட்க ஆரம்பித்தேன். அப்போதுதான் என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல ஆனது. இறால் விற்கிறவளோடு இருபது வருடம் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறேன். அவள் பெயர் எனக்குத் தெரியாது. புருஷன் பெயரைச் சொல்லி அவன் பொண்டாட்டி என்றுதான் கூப்பிடுவோம், ஊரே அப்படித்தான் கூப்பிடும். அவளிடம் கேட்டேன். "எதுக்குக் கேக்குற?" என்றாள். சொன்னேன். தராசைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, நல்ல பெயர் ஒன்றைச் சொன்னாள். பிறகு வாடிக்கைக்காரர் ஒருவர் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள்.

சிலர் தாங்களே வந்து சொன்னார்கள். ஒருத்தி ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒருத்தி, "இத்தினி வருசம் கழிச்சி எழுதி இன்னா ஆவப்போவுது, அந்த மனுசன் வந்துருவாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த நாள் அவளே திரும்பி வந்து, தன் இரண்டு பெண்களின் பெயரையும் சொல்லி, பெரியவளுக்குப் பின்னால் பி.காம். என்று போடச் சொன்னாள். போட்டேன். பதினேழு இடத்துக்கும் தனித்தனியாகப் போய், ஒவ்வொரு எழுத்தாக, நானே அடித்தேன். ஒன்றையும் ஒட்டவில்லை. கடைக்காரம்மா எழுத்துப் பிழை மட்டும் பார்த்தார். கூலியாக வாரத்துக்கு இரண்டு தடவை நல்ல சங்கரா மீனாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

ஃபைலை மாமாவுக்கு அனுப்பினோம். கட்டைவிரல் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. வேறு எந்த வீட்டிலிருந்தும் திருத்தம் போகவில்லை. பெயர் இருந்தவர்களுக்குத் திருத்த என்ன இருக்கிறது? பெயர் இல்லாதவர்கள் அந்தக் குழுவிலேயே இல்லை. மாமா அதைத் திறந்து பார்க்காமல் அப்படியே பிரஸ்ஸுக்குத் தள்ளிவிட்டார். திறந்து பார்க்கிற பழக்கம் இருந்தால் முதலிலேயே அந்த வரியைப் பதினாறு இடத்தில் ஒட்டியிருக்க மாட்டாரே.

புத்தகம் வந்தது. அம்மன் படம் போட்ட அட்டை. அப்பாவின் பக்கத்தைத் திறந்து, அம்மா விரலைப் பிடித்து அவள் பெயரின் மேல் வைத்தேன்.

"இதுவா?" என்றாள். "எறும்பு மாரி கீது." கொஞ்ச நேரம் தடவிவிட்டு, "மைக்ல வரும் இல்ல?" என்றாள்.

"வரும்மா."

கும்பாபிஷேகத்தன்று அம்மாவுக்கு மாம்பழக் கலரில் புதுச் சேலை கட்டி, ஆட்டோவில் கோயில் வாசல் வரை கூட்டிப்போய், ஷாமியானாவுக்குக் கீழே முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். மைக்கில் வாசித்தது மாமாதான். சில்க் சட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு வம்சமாக வாசித்துக்கொண்டே வந்தவர், பதினேழில் முதலாவது ஆளின் பெயரில் வந்து நின்றார். "கடலில் மறைந்தார், மனைவி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பக்கத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தலையைத் தூக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி, ஒன்றும் நடக்காதது போல அடுத்த பெயருக்குத் தாவிவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கடலில் மறைந்தார், அடுத்தது. கடலில் மறைந்தார், அடுத்தது. என் அப்பாவின் பெயர் வந்தது. அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கடலில் மறைந்தார்" என்றார் மாமா. பெரியப்பா மகன்களின் பெயர்களைப் படித்தார். அவர்கள் எழுந்து போய் மாலை வாங்கினார்கள். அடுத்த வம்சத்துக்குப் போய்விட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "என் பேரு வர்லியே?"

"புக்குல கீதும்மா. நீதான் பாத்தியே."

"புக்கு எனுக்குப் படிக்கத் தெரியுமாடி?"

அவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மூன்று வாரம் நான் குனிந்து குனிந்து அடித்ததெல்லாம் அந்த ஆளின் ஒரு தாவலில் போய்விட்டது. கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்கவும் சேர்க்கவும் கற்றுக்கொண்டேன், அவன் வாயில் இருப்பதை எதை வைத்துத் திருத்துவது? புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"ஏய், இன்னா பண்ற? பொம்பள மைக்க புடிக்கக்கூடாது!"

"வுட்டுப்போனத படிக்கிறேன். எழுத்துக்கு மொறை கீதுன்னியே, படிக்கிறதுக்கு இல்லியா?"

முதலாமவனின் மனைவி பெயரைப் படித்தேன், மகள்கள் பெயரைப் படித்தேன். இரண்டாவது. மூன்றாவது. கூட்டத்தில் சலசலப்பு. நாலாவதில் மைக் செத்துப்போனது. மாமா ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதோடு நான் இறங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார், பைத்தியக்காரன். நாலு தெரு தாண்டி மூன்றாவது மாடியில் இருக்கிறவளைக் கூவியே கீழே இறக்குகிற தொண்டை இது. மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கூவினேன். இறால் விற்கிறவளின் பெயரைக் கூவினேன். பி.காம். படித்தவளின் பெயரைக் கூவினேன். செத்துப்போன கிழவியின் பெயரையும் விடவில்லை. இரண்டு ஆண்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். கையை இழுத்தால் வாய் மூடுமா? பதினோராவதாக என் அம்மாவின் பெயரை, அப்பா பெயர் ஒட்டாமல், அவளுக்கு அவளுடைய அம்மா வைத்த பெயரை, அடிவயிற்றிலிருந்து கூவினேன்.

முன் வரிசையில் மாம்பழக் கலர் சேலையிலிருந்து ஒரு கை மேலே போனது.

"இங்கதான்யா கீறேன்" என்றாள் அம்மா. "இத்தினி வருசமா இங்கதான் கீறேன்."